கருத்து ஏதும் வரவில்லை

காரிமங்கலம் சந்தையில் மாடு வாங்கி ஏமாந்தவனும் சரி, ஏமாற்றியவனும் சரி, போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். நேராகத் தாவூது பாய் பட்டறைக்குத்தான் வருவார்கள். தாவூது செய்வது என்னவோ கடலைக்காய் உடைக்கிற கைமிஷின். மாட்டுப் பல்லுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் வழக்கென்றால் அவரிடம்தான். அதற்குக் காரணம் அவருடைய வெற்றிலை.

ஒருவன் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போது தாவூது ஒரு வெற்றிலைச் சுருளை வாயில் அடக்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் சொல்லி முடிக்கும்வரை துப்ப மாட்டார். வாய் நிறைய எச்சிலோடு எவன் குறுக்கே பேச முடியும்? வந்தவர்கள்தான் பேசுவார்கள். முதலில் பொய், பிறகு அதைவிடப் பெரிய பொய், பிறகு அழுகை, கடைசியில் களைத்துப்போய் உண்மை. எல்லாம் வெளியே வந்த பிறகு தாவூது எழுந்து, கொல்லைப்புறச் சாக்கடையில் துப்பி, வாய் கொப்பளித்து வந்து ஒரு வார்த்தை சொல்வார். அத்தோடு சரி. அவர் அப்பன் காலத்திலிருந்தே இப்படித்தான். சொன்ன வார்த்தையை அவரும் மாற்ற மாட்டார், கேட்டவனும் மறுபடி வாய் திறக்கக் கூடாது. ஊரில் தீர்ப்பு என்றே யாரும் சொல்வதில்லை. "பாய் துப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார்கள்.

எதிராளி பேசி முடிக்கும்முன் வாய் திறக்கிறவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மிஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதி பீப்பாய் மாதிரி ஒரு தொட்டி, அடியில் இரும்புச் சல்லடை, மேலே முன்னும் பின்னும் ஆடுகிற கைப்பிடி. கடலைக்காயைக் கொட்டி ஆட்டினால் ஓடு நொறுங்கிப் பருப்பு கீழே விழும். இதில் உயிர் சல்லடையில் இருக்கிறது. அதன் கண் காயைவிடப் பெரிதாக இருந்தால் காய் உடையாமல் நழுவிவிடும். சிறிதாக இருந்தால் பருப்பு நசுங்கும். தோல் உரிந்த பருப்பு எண்ணெய்க்கு ஆகும், விதைக்கு ஆகாது. நம் மேட்டுக்காட்டில் மழை பெய்த வருஷம் காய் ஒரு அளவு, பெய்யாத வருஷம் வேறு அளவு. அதனால் தாவூது ஒவ்வொரு மிஷினோடும் இரண்டு சல்லடை கொடுப்பார். போல்ட்டைக் கழற்றினால் ஒன்று வெளியே வரும், மற்றதை மாட்டிக்கொள்ளலாம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் பட்டறை வைத்திருந்த நூர் பாஷாவும் இப்படித்தான் செய்தார்.

அறுபத்தொன்பதாம் வருஷம், கடலைக்காய் பிடுங்குகிற சமயத்தில், பட்டறைக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே முழுக்க இங்கிலீஷ். தாவூதின் மகள் அமீருன்னிசா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். அவள்தான் படித்துத் தமிழில் சொன்னாள். கருவிகளுக்குத் தரம் வகுக்கிற ஏதோ ஒரு குழு அனுப்பியது. கடலைக்காய் உடைக்கும் கைமிஷினுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவு வைக்கப்போகிறார்களாம். அந்த அளவுப்படி செய்து முத்திரை வாங்கிய மிஷினுக்குத்தான் இனிமேல் கூட்டுறவு சொசைட்டியில் கடன் கிடைக்குமாம். அளவுகளின் வரைவை மூன்று பகுதிகளாக வெளியிடுவார்களாம். மொத்தமாகக் கொடுத்தால் பொதுமக்களுக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும் என்கிற நல்ல எண்ணமாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கெடு. அதற்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம்.

நல்ல எண்ணத்தால் நாசமான குடும்பங்களைப் பற்றி யாரும் கணக்கெடுப்பதில்லை.

முதல் பகுதி முழுக்கச் சல்லடை. அமீருன்னிசா படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அத்தா, சல்லடைக் கண்ணுக்கு ஒரே ஒரு அளவுதான் போட்டிருக்காங்க. சல்லடையத் தொட்டியோட வச்சு வெல்டிங் பண்ணிடணுமாம். கழட்டற மாதிரி இருக்கக் கூடாதாம்."

தாவூது மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மறுபடியும் மெல்லத் தொடங்கினார். உறை வந்ததுமே வெற்றிலையைப் போட்டுக்கொண்டிருந்தார், பாவி மனுஷன். விரலை மட்டும் ஆட்டி, மேலே படி என்றார்.

"மேல ஒண்ணுமில்ல, இவ்வளவுதான் மொதப் பகுதி. இந்த மிஷின் நம்மூருக்கு ஆகாதுத்தா. இப்பவே எழுதிடலாம். நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல எழுதறேன்."

தாவூது போய்த் துப்பிவிட்டு வந்தார். துப்பியது தீர்ப்புச் சொல்ல அல்ல, மகளுக்குப் புத்தி சொல்ல.

"அவங்க இன்னும் பேசி முடிக்கலம்மா. மூணு பகுதின்னு அவங்களே சொல்றாங்க. ஒண்ணக் கேட்டுட்டு எகிறினா நம்மள என்ன நெனைப்பாங்க? மாத்துச் சல்லடையப் பத்தி ரெண்டாம் பகுதியில சொல்லுவாங்களா இருக்கும். மிஷின் எழுதறவன் அதுகூடத் தெரியாமயா இருப்பான்?"

"கடைசித் தேதின்னு போட்டிருக்காங்களே?"

"சந்தையிலகூடப் பொழுது சாயறதுக்குள்ள வழக்க முடிக்கணும்னுதான் சொல்றாங்க. முடிஞ்சிருக்குதா?"

அவள் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அதைத் தாவூது பார்த்தார். சின்னப் பெண், அவசரம் என்று நினைத்துக்கொண்டார்.

நூர் பாஷாவுக்கும் அதே உறை வந்திருந்தது. அவர் பஸ் பிடித்துக் காரிமங்கலத்துக்கே வந்துவிட்டார். கடலைக்காய் விவசாயி பெரியண்ணன் அன்றைக்குப் பட்டறையில்தான் இருந்தார். தாவூதின் மிஷினைத் தன் ஊரில் வீடு வீடாக வாங்க வைத்தவர் அவர். விஷயத்தைக் கேட்டு அவரும் குதித்தார். "என்னா பாய், எழுதிப் போட்டுடலாமா?" என்று நூர் பாஷா கேட்டார். தாவூது மகளிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். அவ்வளவுதான், இருவரும் அடங்கிவிட்டார்கள். பாய் இன்னும் துப்பவில்லை என்றால் நமக்கென்ன அவசரம் என்று போய்விட்டார்கள். வழியில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னார்கள். இப்படியாகத் தாவூது ஒருவர் வாயை மூடிக்கொண்டதில் சுற்றுவட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேர் வாயும் மூடிக்கொண்டது.

மழைக்காலம் கழிந்து இரண்டாம் பகுதி வந்தது. இரும்புத் தகட்டின் கனம், கைப்பிடியின் நீளம், கால்களின் உயரம். சல்லடை என்ற பேச்சே இல்லை. தாவூதுக்குள் லேசாக ஒரு உறுத்தல் எழுந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக் கதையில் உறுத்தல் வருவது அவருக்குப் பழக்கம்தான். எத்தனையோ வழக்கில் அப்படி வந்து, கடைசியில் எல்லாம் நேராகியிருக்கிறது. டில்லியிலோ பம்பாயிலோ உட்கார்ந்து எழுதுகிற அந்த மனிதருக்காக அவர் பரிதாபம்கூடப் பட்டார். நம்மூர் மழை அவனுக்கு எங்கே தெரியும், மெதுவாக வந்து சேருவான் என்று மகளிடம் சொன்னார். அவள் அந்த உறையையும் முதல் உறையோடு சேர்த்து வைத்தாள்.

மூன்றாம் பகுதியோடு ஒரு அழைப்பும் வந்தது. சேலத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம், விருப்பமுள்ளவர்கள் நேரில் வந்து பேசலாம். தாவூதுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா? கடைசியா நம்மள உக்கார வச்சுக் கேக்கறாங்க" என்று அமீருன்னிசாவிடம் சொல்லி, பெட்டியிலிருந்து புதுச் சட்டையை எடுக்கச் சொன்னார். இரண்டு சல்லடைகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டார். பெரியண்ணன் நல்ல மழை வருஷத்துக் கடலைக்காயில் ஒரு பையும், மழை பொய்த்த வருஷத்துக் காயில் ஒரு பையும் கொண்டுவந்தார். நூர் பாஷா தர்மபுரியில் சேர்ந்துகொண்டார். பஸ்ஸில் மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் நடத்திய அதிகாரி இளவயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். மூன்றாம் பகுதியை வரிவரியாகப் படித்துத் தமிழிலும் சொன்னார். அங்கேயும் தாவூது கடைசி வரி வரைக்கும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி காகிதத்தைக் கீழே வைத்த பிறகுதான் வெளியே போய்த் துப்பினார். வாய் கொப்பளித்துக்கொண்டு வந்து, சாக்கைப் பிரித்து, சல்லடைகளை மேஜைமேல் வைத்தார். பெரியண்ணன் இரண்டு பைகளையும் அவிழ்த்தார். தாவூது பேசினார். நிதானமாக, கோவையாக, வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் பேசியதில்லை. அதிகாரியும் கவனமாகக் கேட்டார். இரண்டு கடலைக்காயை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நியாயமாத்தான் படுதுங்க பெரியவரே. ஆனா சல்லடை மொதப் பகுதி. அது முடிவாகி அச்சுக்கே போயிடுச்சு."

"முடிவாச்சா? எங்களக் கேக்காமயா?"

"கேட்டோமே." அவர் கோப்பைப் புரட்டி ஒரு வரியைத் தொட்டுக் காட்டிப் படித்தார். தர்மபுரி மாவட்டத்திலிருந்து கருத்து ஏதும் வரவில்லை. எனவே உடன்பாடு என்று கொள்ளப்பட்டது.

தாவூதுக்கு அந்த வரியின் அர்த்தம் சட்டென்று பிடிபடவில்லை. அவர் அறிந்தவரை ஒருவன் பேசாமல் இருக்கிறான் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பொருள். ஒத்துக்கொண்டான் என்று எந்த ஊரில் பொருள்?

"நீங்க சொல்லி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தோங்க" என்றார்.

"யாருங்க உங்கள காத்திருக்கச் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். தாவூது யாரைச் சொல்வார்? தன் அப்பன் பெயரைச் சொல்வதா, சந்தையைச் சொல்வதா?

"அப்ப இனி எப்பத்தான் சொல்றதுங்க?"

"என்னைக்காவது திருத்தம் கொண்டுவருவாங்க, அப்ப சொல்லலாம். இப்பச் சொன்னா அது ரொம்ப முந்தி. இன்னைக்கு மூணாம் பகுதி மட்டும்தான். பெயிண்ட் கலரு, பேர்த்தகடு. தகட்ட எந்தப் பக்கம் அடிச்சா வசதி? இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, அதுலயாவது உங்க கருத்தச் சொல்லிட்டுப் போங்க."

நூர் பாஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். பெரியண்ணன் கடலைக்காய்ப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.  டீ கொடுத்து நாற்காலி போட்ட மனிதரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகத் தாவூதுக்குத் தெரியவில்லை. "இடது பக்கம்" என்றார். அதிகாரி நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் வெளியூர்க் கம்பெனியின் முத்திரை மிஷின்கள் லாரியில் வந்து சொசைட்டி வாசலில் இறங்கின. பச்சைப் பெயிண்ட். பேர்த்தகடு இடது பக்கம்.

அதன் பிறகு தாவூதின் மிஷினை யார் வாங்குவார்கள்? கடன் கிடைக்கிற மிஷினை விட்டுவிட்டுக் கைக்காசைப் போட எந்த மேட்டுக்காட்டு விவசாயியிடம் காசு இருக்கிறது? பெரியண்ணனின் பழைய மிஷின் தேய்ந்துபோனதும் அவரே பச்சை மிஷினைத்தான் வாங்கினார். வாங்கிக்கொண்டு போகும்போது வண்டியைப் பட்டறை வழியாக ஓட்டாமல் சுற்றிக்கொண்டு போனார். அந்த மரியாதை வேறு தாவூதின் நெஞ்சை அறுத்தது. சல்லடையை வெல்டிங் வைத்துப் பச்சைப் பெயிண்ட் அடிக்க அவருக்குத் தெரியாதா என்ன? இந்த மண்ணின் காயை உடைக்காத மிஷினைச் செய்து இதே ஜனங்களிடம் விற்க மனசு வரவில்லை. நூர் பாஷாவுக்கு வந்தது. அவர் பட்டறையை மூடிவிட்டு அந்தக் கம்பெனிக்கே ஏஜெண்ட் ஆனார். "உன் வாய் வெத்திலைய நம்பி என் தொழில்ல மண்ணப் போட்டுக்கிட்டேன்" என்று நடு பஸ் ஸ்டாண்டில் தாவூதின் முகத்துக்கு நேரே சொன்னார். அத்தோடு பேச்சு நின்றது.

தாவூது பட்டறையில் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஜன்னல் கம்பி, மாட்டு லாடம் என்று கிடைத்ததைச் செய்தார். அமீருன்னிசா ஒருநாளும் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சோறு போட்டுவிட்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவருக்கு அந்த அதிகாரி படித்த வரி காதில் கேட்கும். கருத்து ஏதும் வரவில்லை.

மழை பொய்த்தது. காய் சிறுத்தது. பச்சை மிஷினின் சல்லடைக் கண்ணில் பாதிக் காய் உடையாமல் விழுந்தது. மறுபடி அள்ளிப் போட்டு ஆட்டினால் பருப்பெல்லாம் தோலுரிந்து இரண்டாகப் பிளந்தது. பெரியண்ணன் வெட்கத்தை விட்டுப் பட்டறைக்கு வந்து, சல்லடையை அறுத்தெடுத்துத் தாவூதின் சல்லடையை வைக்க முடியுமா என்று கேட்டார். வைக்கலாம். ஆனால் முத்திரை மிஷினில் கை வைத்தால் சொசைட்டிக் கடனை ஒரே மூச்சில் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டு பேரும் மிஷினைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அந்தப் பருப்பைத்தான் அந்த வருஷம் பெரியண்ணன் விதையாகப் போட்டார். கைமாற்றாகக் கேட்ட பக்கத்துக்காட்டு முனியப்பனுக்கும் கொடுத்தார்.

விதைப்பு முடிந்து கொஞ்ச நாளில், ஒரு சந்தை நாளன்று காலையில், பெரியண்ணனும் முனியப்பனும் வழக்கென்று பட்டறைக்கு வந்தார்கள். பின்னாலேயே ஐந்தாறு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெரியண்ணன் தன் மாட்டை ஓட்டிவந்து சுவரோரம் கட்டினார். சந்தைக்கு வந்தவர் மாட்டோடுதான் வருவார் என்று தாவூது அதைக் கண்டுகொள்ளவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வந்த வழக்கு. அமீருன்னிசா வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து வைத்தாள். அவர் சுருளை வாயில் அடக்கிக்கொண்டு, சொல்லு என்று முனியப்பனைப் பார்த்தார்.

"நான் விதை வாங்குனேன் பாய், இவருகிட்ட. நல்ல விதைன்னுதான் குடுத்தாரு. நானும் ரெண்டு சால் உழுது, எருவடிச்சு, நம்பிப் போட்டேன். பாதிக்கு மேல மொளைக்கவே இல்லீங்க. போய்க் கேட்டா, மிஷின்ல அடிபட்டுதுன்னு சொல்றாரு. அடிபட்ட விதையத் தெரிஞ்சே எனக்குக் குடுத்தாரா இல்லையா? அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துல..."

தாவூதுக்குள் எங்கோ எதுவோ அறுந்தது. விதை, மிஷின், அடிபட்டது என்ற சொற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. சேலத்து மேஜை கண்ணுக்குள் வந்து நின்றது. இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எவனாவது கோப்பை மூடிவிடுவான். கொல்லைப்புறம்வரை போக அவருக்குப் பொறுமை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பட்டறைத் தரையில் துப்பினார்.

"நிறுத்து! எனக்குத் தெரியும்!" என்று கத்தினார். "அவரு மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. தப்பெல்லாம் அந்தப் பச்ச மிஷின் மேல. யாரும் யாருக்கும் ஒண்ணும் தர வேண்டியதில்ல. இத்தோட முடிஞ்சுது. இதப் பத்தி இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது!"

 வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தரையில் கிடந்த சிவப்பு எச்சிலைப் பார்த்தார்கள். தாவூதுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் மனசில் ஒரு நிம்மதி, வருஷக்கணக்காகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்ட நிம்மதி.

முனியப்பன்தான் முதலில் சுதாரித்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் பரவி, அது மெல்லச் சிரிப்பாக மாறியது.

"யார் மேலயும் தப்பில்லீங்களா பாய்?"

"இல்ல."

"ஒண்ணும் தர வேண்டியதில்லீங்களா?"

"இல்லேன்னு சொல்லிட்டேன்ல?"

"அப்பச் சரிங்க. நீங்க துப்பிட்டா துப்பினதுதான்" என்று கும்பிட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடும்முன் சந்தைக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

பெரியண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"நான் விதையப் பத்திச் சொல்ல வரலீங்க பாய்" என்றார் மெதுவாக. "விதை மொளைக்கலைன்னு அவன் கோவத்துல வந்து, கட்டுத்தறியில நின்ன என் மாட்டத் தடியால அடிச்சுப்புட்டான். அதுக்குத்தான் கூட்டியாந்தேன். வழியெல்லாம் தப்புதான்னு ஒத்துக்கிட்டே வந்தான் பாய். பாதி வெல குடுத்துடறேன்னான். எவ்வளவுன்னு பாய் வாயால கேட்டுடலாம்னுதான் வந்தோம்."

எழுந்துபோய், சுவர்ப் பக்கமாக நின்றிருந்த மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்பினார். சுவரை ஒட்டியிருந்த பக்கம் இப்போது வெளிச்சத்துக்கு வந்தது. வலது கண் இருந்த இடத்தில் வீக்கமும் சீழும்தான் இருந்தது. ஈ மொய்த்தது. இந்த மாடு இனி ஏருக்கும் ஆகாது, சந்தையில் விலைக்கும் போகாது.

"என் பக்கம் நீங்க கேக்கவே இல்லீங்களே?"

அந்தக் கேள்வியைத் தாவூது சேலத்தில் தானே கேட்டிருந்தார். துப்பிய வார்த்தையை அவர் அப்பனும் மாற்றியதில்லை, அவரும் மாற்றியதில்லை. மாற்றுவாரா என்று கதவருகில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமீருன்னிசாவும் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

பெரியண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். பிறகு மாட்டை அவிழ்த்துக்கொண்டு சந்தை வழியாக வீட்டுக்கு ஓட்டிப் போனார்.